ஊர் நேரமும் நூலக நேரமும்: குமரி மாவட்டத்தில் ஆறு நாள்

முதல் நாள், சனி. நாகர்கோவில்

நூலகம் பார்க்கக் குமரிக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை வந்து இறங்க வேண்டாம். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை அன்றைக்குத்தான். இரண்டாம் சனியும் பல இடங்களில் பூட்டு தொங்கும். அதனால் இந்தச் சுற்று ஜூன் மாதத்தின் மூன்றாம் சனியில் தொடங்குகிறது. வடசேரி பேருந்து நிலையத்தில் சாரல். குடை இல்லாமல்கூடச் சமாளித்துவிடலாம், புத்தகப் பைக்கு ஒரு பாலிதீன் உறை மட்டும் கட்டாயம்.

நாகர்கோவிலில் இருப்பது மாவட்ட மைய நூலகம். அதன் கீழே முழுநேரக் கிளை, கிளை, ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று இறங்கிக்கொண்டே போகும். இந்தப் பெயர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஆள் பலம்தான். மைய நூலகத்தில் பிரிவு பிரிவாக ஆட்கள் இருப்பார்கள். ஊர்ப்புற நூலகத்தில் கதவு திறப்பது, பெருக்குவது, புத்தகம் பதிவது எல்லாமே ஒரே ஆள். அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு ஊருக்கே நூலகம் இல்லை.

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். எழுதப் படிக்கத் தெரிந்த ஊரில் நூலகம் தானாக நிறைந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. வேலை முடிந்து ஆள் வரும் நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே நூலகம் நிறைகிறது. இந்த ஆறு நாளும் அலமாரியைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்க்கப் போகிறோம்.

நகர நூலகத்தின் நாள் இரண்டு ஷிப்ட். காலை 8 முதல் 10 வரை நாளிதழ்ப் பகுதி ஓய்வு பெற்றவர்களுடையது. 10 மணிக்கு மேல் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வந்து உட்கார்ந்தால் இரவு வரை எழுவதில்லை. பலர் நூலகப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. சொந்தமாகக் கொண்டுவந்த 6 முதல் 12ஆம் வகுப்பு வரையான பாடநூல்களும் ஒரு நோட்டும்தான். அவர்களுக்குத் தேவை ஒரு நாற்காலி, தலைக்கு மேலே விளக்கு, கைக்கெட்டும் பிளக்பாயிண்ட். இதை 'நூலகத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்' என்று சொல்லும் நூலகர்கள் உண்டு. வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைக்கு அந்த நாற்காலிதான் நூலகம். சொல்கிறவர்கள் அதையும் யோசிக்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர் இரண்டு மணி நேரம் நாற்காலியைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிறது. தீர்வு எளிது. நாற்காலிக்கு எண் எழுதி, 3 மணி நேரத்துக்கு ஒரு டோக்கன். நேரம் முடிந்தபின் ஆள் காத்திருந்தால் எழ வேண்டும், இல்லாவிட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். அரை மணிக்கு மேல் காலியாகக் கிடக்கும் இடத்துப் பை மேசையிலிருந்து ரேக்குக்குப் போகும். நாளிதழ்ப் பகுதியிலிருந்து 4 நாற்காலிகளையாவது யாருக்கும் ஒதுக்காமல் முதியவர்களுக்கு விட வேண்டும்.

இணையப் பிரிவில் இளைஞர்கள் செய்யும் வேலையில் பாதி விண்ணப்பம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது அறிவுக் குறைவால் அல்ல, கோப்பு அளவால். புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. போனில் எடுத்த படம் 3 எம்பி இருக்கும். அதைச் சுருக்கித் தர ஒரு நிமிடம்தான் ஆகும், அந்த ஒரு நிமிட உதவிக்காக வெளியே கடைகளில் காசு வாங்குகிறார்கள். பொதுக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்தபடியே எழுந்து போவது அடுத்த ஆபத்து. திரைக்குக் கீழே 'வெளியேறிவிட்டீர்களா?' என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினாலே பெருமளவு குறையும்.

போகும் முன் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஆண்டுக்கு 1,500 ரூபாய் வரி கட்டும் வீடு 150 ரூபாயை நூலகத்துக்குத் தருகிறது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்ட ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். உள்ளாட்சி அமைப்பு வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். வசூலான பணம் உள்ளாட்சியின் பொதுக் கணக்கிலேயே தங்கிவிட்டால் ஏற்பாடு அங்கேயே முறிகிறது. நூலகக் கூரை ஒழுகுகிறது என்று மனு எழுதுவதற்கு முன்னால், 'எங்கள் ஊராட்சி அனுப்ப வேண்டிய நூலக வரி நிலுவை எவ்வளவு?' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எண்ணோடு போகிற மனுவை அலுவலகத்தில் ஓரமாகத் தள்ளி வைப்பது கடினம்.

இரண்டாம் நாள், ஞாயிறு. தோவாளை, ஆரல்வாய்மொழி

தோவாளை பூச்சந்தை விடியும் முன் தொடங்கிக் காலை வெயில் ஏறும்போது அடங்கிவிடும். பறிக்கிறவர், சுமக்கிறவர், கட்டுகிறவர் எல்லாருக்கும் காலை நேரம் தங்கம். அந்த நேரத்தில்தான் நூலகக் கதவும் திறக்கிறது. பகல் 1 மணிக்கு மேல் கை ஓய்கிறது, அப்போது பெரும்பாலான கிளைகளில் மதிய இடைவேளை. மாலை திறக்கும்போது பெண்கள் அடுத்த நாள் பூவுக்கு நார் கிழித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் தப்புச் செய்யவில்லை. இரண்டு கால அட்டவணைகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் இந்த மாதம் காற்று சும்மா விடாது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நாளிதழ் வாசிக்கிறவருக்குத் திண்டாட்டம். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் நடுத்தாள் கூரைக்குப் போகும். கல்லை வைத்து அமுக்குவது வழக்கம், தாள் கிழியும். செய்ய வேண்டியது இது: 65 செ.மீ. நீளம், இரண்டரை செ.மீ. அகலத்தில் இரண்டு மரச் சட்டங்கள். இரு முனையிலும் துளையிட்டு ஒரு போல்ட்டும் கையால் திருகும் சிறகு நட்டும். நாளிதழின் மடிப்பை நடுவில் வைத்து இறுக்கிவிட்டால் பறக்காது, தாளும் கலையாது. ஊர்த் தச்சரிடம் அரை நாள் வேலை.

அதே சட்டத்துக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு நாளிதழை ஒருவர்தான் படிக்க முடியும். எட்டுப் பேர் காத்திருக்கும் காலை நேரத்தில் தாளைப் பிரித்துக் கொடுப்பதே சரி. அப்போது முதலில் காணாமல் போவது வேலைவாய்ப்புப் பக்கம். கத்தரித்து எடுத்துப் போகிறார்கள் என்று புகார் சொல்வதைவிட, திறந்தவுடன் அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் குத்திவிடுவது மலிவு.

மூன்றாம் நாள், திங்கள். மணவாளக்குறிச்சி வழியாகக் குளச்சல்

கடற்கரையோரப் பேருந்து. மணவாளக்குறிச்சியின் கருமணலைத் தாண்டி மண்டைக்காடு, பிறகு குளச்சல். வலைகள் கரையில் கிடக்கின்றன. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடை. இதே மாவட்டத்தில் சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை முடிந்து படகுகள் இறங்கிவிட்டன. ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம்.

கடலோர நூலகத்துக்கு இந்த 61 நாள் ஓர் அறுவடைக் காலம். மற்ற மாதங்களில் ஊரில் பார்க்கவே முடியாத ஆண்கள் கரையில் இருக்கிறார்கள். வலை பின்னிய நேரம் போக மீதி நேரம் சும்மா. அவர்களை உள்ளே இழுப்பது கதைப் புத்தகம் என்று எண்ணிவிடக் கூடாது. முதலில் இழுப்பது காகித வேலை: படகுப் பதிவு, காப்பீடு, நிவாரணத் தொகைப் படிவம், வங்கிக் கடிதம். ஒரு மேசை, ஒரு பேனா, படிவத்தை நிரப்பத் தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளை, வாரம் இரண்டு மாலை. 'மக்ளே, இதில எங்க ஒப்பு போடணும்?' என்று கேட்க வந்தவர் பக்கத்து மேசையில் இருக்கும் வார இதழைப் புரட்டாமல் போக மாட்டார். உறுப்பினர் சேர்க்கை அடுத்த வாரம் தானாக நடக்கும்.

இங்கே ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு தேவாலய வட்டத்திலும், வாசகசாலை, படிப்பகம் என்ற பெயரில் சிறு அறைகள் உண்டு. கேரம்போர்டும் இரண்டு நாளிதழும் இருக்கும். அரசு நூலகம் அவற்றைப் போட்டியாகப் பார்க்கத் தேவையில்லை. மாதம் 40 புத்தகம் கடனாக அனுப்பிவைத்தால், இரவு 9 மணி வரை திறந்திருக்கும் இன்னொரு கிளை செலவில்லாமல் கிடைத்த மாதிரி.

கடலோர நூலகத்துக்கென்றே ஒரு பலகை வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையில் செய்ததை யாரும் மறக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரை ஏறும் கள்ளக்கடலுக்கும் இப்போது முன்னறிவிப்பு வருகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது. தினமும் மாலை 4 மணிக்கு அதைப் பார்த்து மூன்றே வரி எழுத வேண்டும்: அலை உயரம் எத்தனை மீட்டர், காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம், அறிவிப்பு எந்நேரம் வரை செல்லும். கரும்பலகையில், தெருவிலிருந்தே படிக்கிற மாதிரி. இரண்டு எச்சரிக்கைகள்: நேற்றைய அறிவிப்பை அழிக்காமல் விடுவது அறிவிப்பே இல்லாததைவிட மோசம்; எழுதிய நேரத்தைப் போடாமல் எழுதவே கூடாது.

இனி உப்பு. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நூலகத்தில் இரும்பு எல்லாமே எதிரி. அலமாரியின் கீழ்த்தட்டில் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு தொடங்கி, அங்கிருந்து புத்தக அட்டைக்குப் பழுப்புக் கறையாக ஏறும். அதைவிட வேகமாகக் கெடுவது ஸ்டேப்ளர் பின் அடித்த இதழ்களும் குழந்தைப் புத்தகங்களும். பின் துருப்பிடித்து, சுற்றியிருக்கும் தாளை அரித்து, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். புதிதாக வந்தவுடனேயே செய்ய வேண்டியது:

பின்னை நிமிர்த்தி, மழுங்கிய கத்தி முனையால் வெளியே எடுங்கள், இழுக்கக் கூடாது. மடிப்பில் குத்தூசியால் மூன்று துளை, நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. மெழுகு பூசிய பருத்தி நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே கொண்டுபோய், மேல்துளையில் உள்ளே, அங்கிருந்து நீட்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு முனையும் நடுவில் ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இருக்கும்படி முடிச்சுப் போட்டால் தளராது. ஒரு புத்தகத்துக்கு 5 நிமிடம்.

கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டில் நாடா உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளில் பழுப்பாக நின்று எழுத்தைத் தின்னும். மைதாப் பசையும் மெல்லிய தாளும் போதும். 100 கிராம் மைதாவுக்கு 500 மி.லி. தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்குங்கள். பூச்சிக்கு ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பழைய பைண்டர்களின் வழக்கம். அது நஞ்சு, குழந்தைப் புத்தகங்களுக்குச் சேர்க்கக் கூடாது, கிண்ணத்தைச் சமையலுக்குத் திருப்பவும் கூடாது. துத்தம் சேர்க்காத பசை இந்த ஈரத்தில் இரண்டாம் நாளே புளிக்கும், அன்றன்றைக்குக் கிண்டிக்கொள்வதே நல்லது.

நான்காம் நாள், செவ்வாய். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை

மேற்கே போகப் போகப் பெயர்ப்பலகைகளில் இரண்டு எழுத்து. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மலையாளத்தில் படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மலையாள வழிப் பள்ளிகளும் இருக்கின்றன.

இந்த வாரம் எல்லைக்கு அந்தப் பக்கம் வாசிப்பு வாரம். கேரள நூலக இயக்கத்தை ஊர் ஊராகக் கட்டியெழுப்பிய பி.என். பணிக்கர் மறைந்த ஜூன் 19ஆம் தேதியை அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தின் காலத்தில் இந்த ஊர்களும் அதே ராஜ்யம்தான். பிரிந்தபின் பாதை வேறானது. கேரளத்தில் ஊர் நூலகத்தை ஊர்க்காரர்களே ஒரு குழு போட்டு நடத்துகிறார்கள். மேலே தேர்ந்தெடுக்கப்பட்ட நூலகக் கவுன்சில் மானியம் தருகிறது. தமிழ்நாட்டில் நூலகம் அரசின் நூலகத் துறையுடையது. சம்பளம் நிச்சயம், கட்டடம் நிச்சயம், ஆனால் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே கைப்பிடி, நூலக வாசகர்கள் சேர்ந்த வாசகர் வட்டம். அதைக் கவியரங்கம் நடத்தும் அமைப்பாக மட்டும் வைத்திருக்கும் ஊர்களே அதிகம். நேர மாற்றம் கேட்டுத் தீர்மானம் போட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பும் வேலையை அதுதான் செய்ய வேண்டும். தீர்மானத்தோடு ஒரு மாத வருகைக் கணக்கையும் இணைத்தால் பேச்சுக்கு எடை கூடும்.

அதற்கு முதலில் கணக்கு இருக்க வேண்டும். வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் நாளிதழ் மட்டும் பார்த்துப் போகிறவர்கள் எழுதுவதில்லை. குழந்தைகள் எழுதுவதே இல்லை. அம்மாவோடு வந்து இரண்டு மணி நேரம் படம் பார்த்த பிள்ளை கணக்கில் இல்லை. நூலகத்தைத் தரம் உயர்த்தவோ கூடுதல் ஆள் கேட்கவோ போனால் அந்தப் பதிவேட்டைத்தான் திருப்புவார்கள். பதிவேட்டை மேசையின் உயரத்திலிருந்து இறக்கி, குழந்தைக்கும் எட்டும் தாழ்வான ஸ்டூல் ஒன்றில் நூல் கட்டிய பேனாவோடு வையுங்கள். குழந்தைகளுக்குக் கையெழுத்துப் போடுவது விளையாட்டு.

இருமொழி அலமாரிக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, மலையாளம் 894.812. எண் வரிசைப்படி அடுக்கினாலே இரண்டும் தோளோடு தோள் நிற்கும். கெடுவது அட்டவணையில். மலையாள நூலின் தலைப்பை ஆங்கில எழுத்தில் மட்டும் பதிந்துவைத்தால், மலையாளம் பேசத் தெரிந்து படிக்க மட்டும் தடுமாறுகிற பிள்ளைக்கும் பயனில்லை, மலையாளம் மட்டும் படிக்கிற பாட்டிக்கும் பயனில்லை. மூலத் தலைப்பு மலையாள எழுத்தில், அதே தலைப்பு தமிழ் எழுத்தில், இரண்டு பதிவு. முதுகுச் சீட்டில் மலையாளத்துக்கு ஒரு நிறக்கோடு.

இந்தப் பக்கத்து நூலகங்களுக்கு வரும் விசித்திரமான கோரிக்கை ஒன்று உண்டு: பழைய நிலப் பத்திரத்தைப் படித்துச் சொல்ல முடியுமா? 1956க்கு முந்தைய பிரமாணங்களில் (பத்திரங்களில்) பல மலையாளத்தில் இருக்கும், தேதி மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். பேரனுக்குத் தமிழ் மட்டும் தெரியும். நூலகர் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, ஆனால் தேதியை மாற்றித் தரலாம். கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி பிறக்கிறது. ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆவணி தொடங்கி டிசம்பர் 31 வரையான தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் ஆடி முடியும் வரை 825. உதாரணத்துக்கு, திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாம் 27; துலாம் என்றால் ஐப்பசி, ஆகவே 1112 + 824 = 1936, அதாவது 1936 நவம்பர் 12. பிழை வருவது தனு மாதத்தில்தான், நம் மார்கழி. அதன் முற்பாதி டிசம்பரிலும் பிற்பாதி ஜனவரியிலும் விழும். நாளைப் பார்க்காமல் மாதத்தை மட்டும் பார்த்துக் கூட்டினால் ஓராண்டு தவறிவிடும். இந்த மாற்று அட்டவணையை ஒரு தாளில் அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டால் போதும்.

முந்திரி ஆலைகள் விடும் நேரம் மாலை. பெண்கள் அப்படியே பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறார்கள். கட்டணமில்லாப் பேருந்து வந்தபின் நூலகத்துக்கு வர டிக்கெட் செலவு தடையாக இல்லை, நேரம்தான் தடை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் நூலகம் 7 மணி வரை திறந்திருந்தால் அடுத்த பஸ் வரும் 15 நிமிடத்தில் புத்தகம் மாற்றிக்கொள்வார்கள். உள்ளே வந்து அலமாரி தேட நேரம் இருக்காது. அதனால் வாசலருகே ஒரே ஒரு தட்டு: 30 புத்தகம், அட்டை முகம் வெளியே தெரிய, வாரம் ஒருமுறை மாற்றி அடுக்கியது. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது 1931இல் ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது.

ஐந்தாம் நாள், புதன். குலசேகரம், பேச்சிப்பாறை

மழை. ரப்பர் மரங்களில் பால் வெட்டும் இடம் நனையாமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கிறார்கள். கட்டாத தோட்டங்களில் இன்று வெட்டு இல்லை. பால்வெட்டுத் தொழிலாளி இருட்டோடு போய், பாலை எடுத்து, உறையவைத்து, ஷீட் அடித்து முடிக்க நண்பகல் தாண்டும். இங்கே நூலகம் 2 மணிக்குத் திறந்து 7 மணிக்குச் சாத்தினால் ஊருக்குப் பொருந்தும். காலையில் திறப்பது பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் மட்டும்.

பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. அணைக்கு அப்பால் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள். சிலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கே கட்டடம் கட்டி நூலகம் வைப்பது நடக்காத காரியம், புத்தகப் பெட்டி அனுப்புவது நடக்கும். 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் கொண்டுபோனவர்களுக்குத் தோன்றிய அதே யோசனை. 60 செ.மீ. நீளம், 40 அகலம், 30 உயரத் தகரப் பெட்டி. ஒரு புத்தகம் சராசரி 250 கிராம் என்று வைத்தால் 50 புத்தகம் பன்னிரண்டரை கிலோ. பெட்டியோடு இரண்டு பேர் தூக்கலாம். 50இல் 30 குழந்தைகளுக்கு, படமும் பெரிய எழுத்தும் உள்ளவை. 10 வேளாண்மை, தேனீ, உடல்நலம். மீதி 10 கதை. மூடியின் உட்பக்கம் பட்டியல் ஒட்டி அதன்மேல் பிளாஸ்டிக் தாள். பெட்டிக்குள் ஒரு கோடு போட்ட நோட்டு: பெயர், புத்தக எண், எடுத்த நாள், கொடுத்த நாள். 30 நாளுக்கு ஒருமுறை பெட்டி மாறும். பெட்டியைப் பொறுப்பேற்பவர் ஆசிரியராக இருந்தால் கோடை விடுமுறையில் பெட்டி பள்ளிக்குள் பூட்டப்படும், பிள்ளைகள் படிக்க நேரம் கிடைக்கும் இரண்டே மாதத்தில். அங்கன்வாடியோ குடியிருப்பில் ஒரு வீடோ மேல். காணாமல் போகும் புத்தகத்தை இழப்பாக எழுதிவிட வேண்டும். அபராதம் கேட்டால் அடுத்த பெட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மலையடிவாரத்தில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, அலமாரிக்கு நடுவில் தொங்கவிடுங்கள். அலமாரி சுவரிலிருந்து 10 செ.மீ., கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்கக் கூடாது. ஒரு விரல் நுழைய வேண்டும். மழை நாளில் எல்லாச் சன்னலையும் திறந்துவைத்துக் 'காற்றாட' விடுவது பொதுவான தவறு, ஈரம்தான் உள்ளே வரும். வெயில் நாளில் பகல் 11 முதல் 3 வரை திறந்தால் போதும். பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. அடைத்த அறையில் அதன் நெடி வாசகரையும் விரட்டும். தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு நம் வீட்டு வழக்கம், தீங்கில்லை, ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றாமல் விட்டால் அது வெறும் குச்சி.

கூரை ஒழுகி நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கெடு. நனைந்த நூலை நிழலில் மின்விசிறிக்குக் கீழே, விசிறி மாதிரிப் பக்கம் விரித்து நிறுத்துங்கள். வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும். 20 பக்கத்துக்கு ஒன்று என்று அச்சிடாத வெள்ளைத் தாள் செருகி, 3 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வழவழப்புத் தாள் முதலில். அது காய்ந்தபின் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. நூறு புத்தகம் ஒரேயடியாக நனைந்து ஆள் இல்லையென்றால், பிளாஸ்டிக் பையில் தனித்தனியாகப் போட்டு ஊரில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருக்கும் கடையின் ஃப்ரீசரில் உறையவைத்துவிட்டு வாரம் பத்துப் பத்தாக எடுத்து உலர்த்தலாம். வேடிக்கையாகத் தோன்றும், பெரிய ஆவணக் காப்பகங்களும் செய்வது இதையேதான்.

ஆறாம் நாள், வியாழன். கன்னியாகுமரி

காந்தி மண்டபத்துப் பக்கம் சுற்றுலாக் கூட்டம். சங்கு, பாசிமணி விற்கிறவர்களுக்குக் கார்த்திகை முதல் தை வரை மூச்சுவிட நேரமில்லை, இந்த மாதங்களில் கடை மந்தம். கடையில் உட்கார்ந்தே படிக்கலாம். அவர்களுக்கு உறுப்பினர் அட்டைதான் தேவை, நாற்காலி அல்ல.

சேர்வதற்கு விண்ணப்பம், முகவரிச் சான்று, சில பத்து ரூபாய் காப்புத் தொகை, சிறிய ஆண்டுச் சந்தா. காப்புத் தொகை விலகும்போது திரும்பக் கிடைக்கும், ரசீதைத் தொலைக்காதீர்கள். வாடகை வீட்டில் இருக்கும் வெளியூர்க்காரர்களுக்கு முகவரிச் சான்றில்தான் முட்டும். கடை உரிமையாளர் ஒப்பமிட்ட கடிதம் ஏற்கப்படுமா என்று நூலகரிடம் நேரில் கேட்பதே வழி. 1,000 ரூபாய் செலுத்தினால் புரவலர், பெயர் பலகையில் ஏறும்.

பணத்துக்குப் பதில் புத்தகம் கொடுக்க நினைப்பவர்களுக்கு: பழைய பாடத்திட்டத்துப் பாடநூல், தேதி கடந்த தேர்வு வழிகாட்டி, முதல் பாகம் இல்லாத இரண்டாம் பாகம், கரையான் தொட்டது ஆகியவை வேண்டாம். கரையான் தொட்ட ஒரு புத்தகம் ஒரு ரேக்கையே கொண்டுபோகும். கொடுக்கும் முன் பட்டியல் எழுதி அனுப்பி, எது வேண்டும் என்று நூலகர் குறித்துத் தந்தபின் அதை மட்டும் கொண்டு போங்கள். வியாழன் மாலைக்குள் போய்விடுங்கள், நாளை வெள்ளி.